பத்து முழு, ஒரு அரை

முக்கூடலில் வேன் ஏறும்போதே
அப்பா தலை எண்ணிவிட்டார்:
"பத்து முழு, ஒரு அரை. ரைட்."
ரிடையர் ஆகி ஒன்பது வருசம்.
தோல்பையை டிப்போவில் ஒப்படைத்தவர்
எண்ணுவதை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

அரை டிக்கெட், என் மகள் இமையா.
நாலு வயசு. ஓசூரில் ஆறாம் மாடி.
வழியெல்லாம் காற்றாலைகளைப் பார்த்து
"இவ்ளோ ஃபேன்! யாருக்கு வேர்க்குது?" என்றாள்.
கொஞ்ச நேரம் வேன் யோசித்தது.
"மாட்டுக்கு" என்றார் பெரியப்பா.

உவரியில் இறங்கியதும்
ஆளுக்கொரு பக்கம் சிதறினோம்.
பிரமசக்தி அத்தைக்குப் பதினோரு பெட்டி மண் நேர்ச்சை;
ஓலைப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு
கரைக்கும் கோயிலுக்குமாக நடக்கத் தொடங்கினாள்.
தங்கச்சி மாப்பிள்ளை வண்டிமலையான்
சட்டையைக் கழற்றலாமா கூடாதா என்று
பனியனோடு நின்றான்.
புளிச்சோற்றுத் தூக்கில் அதற்குள் மணல்.

முப்பத்தோரு வருசம்
இந்த ஊருக்கு வண்டி கொண்டுவந்தவர் அப்பா.
கடலில் கால் நனைத்ததில்லை.
"ஏழு நிமிசந்தாம்ல நிப்பாட்டு.
ஒரு டீ, ஒரு மூத்திரம், விசில்."

இன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
பேத்தியின் கையைப் பிடித்து
ஈரம் தொடும் கோட்டில் நின்றார்.
"தாத்தா, இதை எப்போ ஆஃப் பண்ணுவாங்க?"
"கடைசி ட்ரிப் போனப்பெறவு."

அது நம்பிவிட்டது.
கையை உருவிக்கொண்டு ஓடியது, கடலைப் பார்த்து.
எதிரே ஒரு அலை எழுந்து வந்தது,
நிறுத்தத்தில் நிற்காத வண்டி மாதிரி.

"ஹோல்டேன்!"

ஐம்பத்தைந்து சீட்டையும் தாண்டி
டிரைவர் காதில் விழுந்த பழைய குரல்.
சாலையோரம் தூங்கிய வேன் டிரைவர்கூட எழுந்து உட்கார்ந்தான்.
அலை மட்டும் நிற்கவில்லை.
நான் பாய்ந்து பிள்ளையைப் பிடித்தேன்.
அப்பாவின் வாயிலிருந்து பறந்த மேல்வரிசைப் பல்லை
யாரும் பிடிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் கட்டியது, ஒன்பதாயிரம் ரூபாய்.
குனிந்து தேடினோம், நாற்று நடுகிறவர்கள் போல.
வண்டிமலையான் ஒருவழியாகச் சட்டையைக் கழற்றினான்.
அத்தை ஏழாம் பெட்டியை இறக்கி மண்ணைச் சலித்தாள்,
எட்டாக எண்ணுவதா ஏழாகவே வைப்பதா என்ற குழப்பத்தோடு.
படகில் சாய்ந்திருந்த பையன் ஒருத்தன்
"வலை போடட்டா அண்ணாச்சி?" என்றான்.
கடல் ஒரு செருப்பைத் தந்தது.
எங்களுடையது இல்லை.

"கடலுக்குப் பல்லே இல்ல," என்றாள் இமையா.
"அதான் எடுத்துக்கிச்சு."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்தார்.
சிரித்தார்.
மாடிப்படியில் பாத்திரம் உருள்வதுபோல ஒரு சிரிப்பு.
"இவ ஆறாம் மாசத்துல
இதே மாதிரித்தான் சிரிப்பா"
என்றாள் செண்பகம் மெல்ல,
மாமனார் காதில் விழாதபடி.
அதற்குப் பிறகு
அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நாங்குநேரி டீக்கடையில் முறுக்கு வாங்கினோம்.
அவருக்குக் கடிக்க முடியாது.
இமையா ஒரு துண்டைக் கடித்து, மென்று,
உள்ளங்கையில் எடுத்து நீட்டினாள்.
எச்சில் பண்டம் தின்றதற்காக
தேர்த் திருவிழாவில், ஊர் பார்க்க,
என் முதுகில் அறைந்தவர்
வாயைத் திறந்தார்.

இருட்டியதும் எண்ணினார்.
"பத்து முழு, ஒரு அரை."
பல் இல்லாமல் 'ப' நன்றாகத்தான் வந்தது.
'ழு'தான் எங்கோ வழுக்கிப் போயிற்று.
எல்லார் காலிலும் மணல்.
அத்தை மடியில் நாலு பெட்டிக்கான கணக்கு
பாக்கி இருந்தது.

நாற்கரச் சாலையில் எல்லோரும் தூங்கிவிட்டோம்.
அரை டிக்கெட் தாத்தாவின் தொடையில் புரண்டு
கனவில் சத்தமாகச் சொன்னது:
"ஹோல்டேன்."

டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டான்.