நீர்மேல் ஐம்பது நிமிடம்

முதல் முழுக்கு முடிந்தது.
இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற
ஐம்பது நிமிடம் படகிலேயே காத்திருக்க வேண்டும்.
நான் அன்னாசி நறுக்குகிறேன்.
அவர்கள் ஆளுக்கொரு சுறாவை எடுத்து வெளியே வைக்கிறார்கள்.

"நாஸாவில் ஒரே முழுக்கில் முப்பத்திரண்டு" என்கிறார்
போர்ட்லாந்தின் பல் மருத்துவர் லெஸ்டர்.
"இரும்பு வலைச் சட்டை போட்டவன் பெட்டியைத் திறந்தான்.
என் தோளை உரசிக்கொண்டு ஒன்று போனது,
உப்புத்தாள் மாதிரி."

"தீனி காட்டி அழைத்தது கணக்கில் சேராது."
இது இங்கெபோர்க்.
அவளுடைய சுறா சாபா தீவில்,
யாரும் கூப்பிடாமல், அடியாழத்து நீலத்திலிருந்து,
ஒன்றே ஒன்று.
அவளைச் சுற்றி இரண்டு வட்டம். போய்விட்டது.
அந்த இரண்டு வட்டத்தையும் அவள் கையால் போட்டுக் காட்டியதில்
யாருடைய காப்பியோ கவிழ்ந்தது.

பொகோட்டாத் தம்பதி போனேர் போனவர்கள்.
பத்து நாள், இருபத்தாறு முழுக்கு, ஒரு சுறாகூட இல்லை.
"ஆனால் ஒரு கடல்குதிரை..." என்று கணவர் தொடங்க
மனைவி அவர் தொடையைத் தட்டி நிறுத்துகிறாள்.

பெலீஸ், பௌர்ணமி, திமிங்கிலச் சுறா.
பஹாமாஸ், புலிச்சுறா, பதினான்கு அடி.
மதியச் சாப்பாட்டுக்குள் அது பதினாறு அடியாகும்.
கடலில் வேறெதுவும்
இவ்வளவு வேகமாய் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

"நீங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள், ஆர்டித்?
ரோத்தானிலேயே பிறந்தவராயிற்றே."

பதினேழு வருடம். நாளுக்கு இரண்டு முழுக்கு.
எண்ணவில்லை என்றால் அடக்கம் என்று நினைப்பார்கள்.
கீழே நான் எண்ணுவது வேறு.
எட்டுப் பேர். எட்டுக் குமிழித் தூண்கள்.
லெஸ்டரின் மானியில் முள் சிவப்பைத் தொட எவ்வளவு நேரம்.
இங்கெபோர்க்கின் இடது துடுப்புக்கும் பவளத்துக்கும் நடுவே
எத்தனை விரற்கடை.
சுறா வரும்போது எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பும்.
அப்போது நான் மறுபக்கம் பார்த்து
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.
மேற்குச் சுவரில் வருகிற பெண் சுறா.
கடைவாயில் ஒரு தூண்டில் முள்,
அதிலிருந்து இரண்டு முழம் நைலான், பாசி பிடித்து.
அவள் திரும்பிய பிறகு
தாமதமாய் அது திரும்பும்.
படம் எடுப்பவர்கள் அதைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள்.
"ஒரு பெயர் வை, பனியனில் அச்சடிக்கலாம்" என்றார் முதலாளி.
நான் வைக்கவில்லை.

அந்த முள்ளை எனக்குத் தெரியும்.
அதே அளவு, அதே வளைவு, பெட்டி பெட்டியாய்
என் தம்பி வெண்டலின் படகில், பலகைக்கு அடியில்.
செப்பிலிக்குத்தான் போடுகிறான்.
சத்தியமாய்ச் செப்பிலிக்குத்தான்.
நேற்றிரவு இவர்கள் தட்டில் தேங்காய்ப்பாலில் வெந்தது
அவன் பிடித்த செப்பிலி.
லெஸ்டர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

ஞாயிறு ஆராதனையில் வெண்டல் என் பக்கத்தில் உட்காருவான்.
விரல்களில் கயிறு அறுத்த கோடுகள்.
பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு ஓரம் பிடித்துக்கொள்வோம்.
நான் கேட்டதில்லை.
ஒரு பக்கம் முந்தியே புரட்டிவிடுவான்.

"எத்தனை?" லெஸ்டர் விடுவதாயில்லை.
"ஒன்று" என்றேன்.
சிரித்தார்கள்.
பொகோட்டா மனைவி பாவப்பட்டு
நான் நறுக்கிய அன்னாசியில் ஒரு துண்டை
எனக்கே நீட்டினாள்.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.
காற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு
படகின் விளிம்பில் எட்டுப் பேர், கடலுக்கு முதுகு காட்டி.

என் இடுப்புப் பையில்
கம்பி வெட்டும் குறடு.
மூன்று வாரமாய்க் கொண்டுபோகிறேன், துருவும் ஏறிவிட்டது.
ஒரு கை தூரம் வரை வருவாள்.
ஆறு, ஏழு என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.
எட்டாவது ஆளைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பினால்
கயிற்றின் நுனிதான் தெரியும்.