ஏழாம் குழி

வின்னிபெக். சனவரி. விடிகாலை நாலு மணி.
விளக்கணைத்த அறையில் நானும் நுணுக்குக்காட்டியும்.
அந்தப் பச்சை தெரியவேண்டுமானால்
மற்ற வெளிச்சமெல்லாம் போகவேண்டும்.

ஒரு துளி சீரத்தை நாற்பது பங்காகக் கலக்குவோம்,
பிறகு எண்பது, நூற்றறுபது, முந்நூற்றிருபது.
ஒவ்வொரு தடவையும் பலம் பாதி.
எத்தனை நீருக்குப் பிறகும் அணையாமல் எரிகிறது
என்று எண்ணி எழுதுவதுதான் என் சம்பளம்.

உயர்தரப் பரீட்சைக்கு நான் பாடமாக்கிய சொல்
பிறபொருளெதிரி.
பிற பொருளுக்கு எதிரி; சொல்லிலேயே விளக்கம்.
இங்கே அதன் தலையில் ஒரு 'தன்' ஒட்டவேண்டியிருக்கிறது:
தன்பிறபொருளெதிரி.
தமிழ் வாத்தியார் கண்டால் சிவப்பில் கோடிழுப்பார்.
தன்னா, பிறனா, ஒன்றைச் சொல் என்பார்.
அதைத்தான் ஐயா
இந்த உடம்புகளும் சொல்லத் தெரியாமல் நிற்கின்றன.

மூன்றாம் குழி.
ஆண், அறுபத்தொன்று.
படிவத்தில் வைத்தியரின் கிறுக்கல்:
சளியில் இரத்தம், சிறுநீரில் இரத்தம்.
வெள்ளணுவின் மடல்களைச் சுற்றிப் பச்சை மணல்.
மயிரிழைக் குழாய்களின் சுவரை
உள்ளிருந்தே யாரோ சுரண்டுகிறார்கள்.
இது விடியும்வரை பொறுக்காது.
வார்டுக்கு அழைத்தேன்.
தாதி எண்ணைத் திருப்பிச் சொன்னாள், ஒவ்வொன்றாக.
அவர் நல்ல நித்திரையாம்.
அவரை விடு, வைத்தியரை எழுப்பு என்றேன்.

ஏழாம் குழி.
பெண், நாற்பத்துநாலு.
குளிரில் விரல்கள் வெளிறி, நீலம் பாரித்து, பிறகு சிவக்கின்றன.
கையுறைக்குள் கையுறை போட்டு
பஸ்ஸுக்கு நிற்பவள்.
புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில்,
மரிவிக் அவள் கையில் நரம்பு தேடிக்கொண்டே
"பதினாறு வருசமாய் ஊரார் இரத்தம்தானா பார்த்தாய்?"
என்று ஏசி ஏசி எடுத்த குழாய்.

தன்னுடையதைத் தான் வாசிக்கக்கூடாது. விதி.
ஆறிலிருந்து எட்டுக்குத் தட்டை நகர்த்தினேன்,
கொஞ்சம் வேகமாகத்தான்.
போகிற போக்கில் வட்டத்தின் ஓரம்
கடுகு சிதறினாற்போல் புள்ளிகள்.
இருக்கலாம். தூசியாகவும் இருக்கலாம்.
எட்டில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதை எழுத எனக்கு
அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

ஆறரைக்கு நெஸ்டோர் வந்தான்,
சப்பாத்தில் பனியோடு.
ஏழு உனக்கு என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை. விளக்கை அணைத்தான்.

'ஆம்' என்றால் அதுவே நோய் ஆகாது,
'இல்லை' என்றால் அதுவே சுகம் ஆகாது,
நோயாளியையும் பார்க்கவேண்டும்:
கிளினிக்குகளுக்கு நான் போனில் ஒப்பிக்கும் வசனம்.
இருட்டில் நின்று எனக்கு ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
பாதியில் நின்றுவிட்டது.

அவன் கணினிக்குப் போனான்.
முதுகுதான் தெரிந்தது.
எண்ணைத் தட்டும் சத்தம்.
இரண்டு இலக்கமா, மூன்றா,
காதால் எண்ணினேன்.

நாலு.

அவன் திரும்பவில்லை.
நான் போனை எடுத்து வார்டுக்கு அடித்தேன்,
மூன்றாம் குழிக்காரர் எழும்பிவிட்டாரா என்று கேட்க.