பெயரில்லாத பொத்தான்

துர்க்கு நகரில் நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டி,
அவுரா ஆற்றுப் பாலத்தில் பேருந்துகள்
விளக்கோடு ஊர்ந்தன.
ஹில்க்கா வெள்ளைக்கோலை மேசையில் சாய்த்துவிட்டு
என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
மருந்துக்கடையின் இணையதளம், எட்டு மாத உழைப்பு,
கட்டியது நான்.

அவள் கணினி பேசத் தொடங்கியது.
வியாழக்கிழமை சூப்புக்குப்
பட்டாணி கொட்டுகிற வேகம்.
எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
"உங்களுக்காகக் குறைக்கிறேன்" என்றாள்.
குறைத்த பின் கேட்டது:

பொத்தான்.
பொத்தான்.
இணைப்பு.
பொத்தான்.

"இவற்றுக்குப் பெயர் வைக்கவில்லையா?"
படம் இருக்கிறதே, கூடைப் படம், குப்பைத்தொட்டிப் படம்
என்று ஆரம்பித்து
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தைராய்டு மாத்திரை, நூறு.
இரண்டு முறை கூடையில் போட்டாள்.
இரண்டு முறையும் மூன்றாவது பொத்தான்
மொத்தத்தையும் விழுங்கியது.
கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.
பையிலிருந்து உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாய் எடுத்து
எனக்கும் ஒன்று நீட்டினாள்.

அப்போது கணினி வாசித்தது:
"இறுதி, உண்மையான இறுதி, இரண்டு, ஜேபெக்."
"இது என்ன?"
ஒரு பெண். இலை ஒன்றைப் பிடித்துச் சிரிக்கிறாள்.
"எதைப் பார்த்து?"
இலையைத்தான்.
ஹில்க்கா சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.
"அவள் பாட்டுக்குச் சிரிக்கட்டும்.
அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.
எந்தப் பொத்தான் அழிக்கும்,
அதைச் சொல்லுங்கள்."

அவள் போன பிறகு யோர்மா கேட்டார்:
வருஷத்துக்கு இப்படி எத்தனை பேர்?
தொலைபேசியில் உதவி கேட்டவர்கள் பதினொருவர்.
வாசலோடு திரும்பியவர்களை எழுத
எங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை.

அன்றிரவு பத்தொன்பது பொத்தான்களுக்குப் பெயர் வைத்தேன்.
சேர். பின்செல். தேடு.
நீக்கு என்பதை மட்டும்
"தைராய்டு மாத்திரையை நீக்கு" என்று நீட்டினேன்,
எதை என்று தெரிய வேண்டாமா.
ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.
அதுதான் உறுத்தியது.

கிளம்பும்போது மின்தூக்கியில்
எண்களுக்குப் பக்கத்தில் புள்ளிகள்.
நான்கு வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கும்.
கண்ணை மூடி விரலால் தடவினேன்.
குளிர்ந்த கடுகுகள், அவ்வளவுதான்.
பிறகு கண்ணைத் திறந்து
தரைத்தளத்தை அழுத்தினேன்.