மேல் கோதையார்: பூஜ்யம்

விஞ்சு கிளம்ப ஏழரை ஆகும் என்றார்
மின்வாரியத்துக்காரர். ஆறு மணிக்கே வந்து நிற்கிறோம்,
நாலு பேருக்கு ஒரு பைனாகுலர்,
காலுறைக்குள் உப்புப் பொட்டலம்,
வனத்துறை ஊதா முத்திரை குத்திய அனுமதித் தாள்.
அதை சுகந்தபாய் டீச்சர்
மட்டிப்பழத்தோடு ஒரே கவரில் போட்டதால்
முத்திரைக்கு இப்போது பழ வாசனை.

பேருதான் டென்சிங்.
கம்பிவடம் முதல் மரக்கூட்டத்தைத் தாண்டுமுன்
கண்ணை மூடிக்கொண்டான்.
"கீழ பாக்காதலே" என்றார் மாகீன்,
தக்கலையில் செருப்புக்கடை வைத்திருப்பவர்.
அவரும் பார்க்கவில்லை.

ரப்பர் கீழே போயிற்று.
கிராம்புத் தோட்டம் போயிற்று.
பிறகு ஒன்றும் தெரியாத வெள்ளை,
அதற்குள் எங்கோ ஒரு சீகாரப் பூங்குருவி
பாதிச் சீட்டியில் விட்டுவிட்டு
முதலிலிருந்து தொடங்கியது.

மேலே ஏரி.
எந்தப் படத்திலும் பார்த்த மாதிரி இல்லை.
கறுத்த தண்ணீர். செங்குத்தான கரை.
உயரம் எழுதிய பலகையில்
மீட்டர் என்ற சொல் மட்டும் மிச்சம்,
எண்ணைப் பாசி தின்றுவிட்டது.
கால் புதைய சேறில்லை,
கொத்தித் தின்னப் புழுவில்லை, ஒரு கோரைப்புல் இல்லை.
நான் பறவையானால் இங்கே இறங்குவேனா
என்று யோசித்துப் பார்த்தேன்.
சொல்லவில்லை.

மூன்று மணி நேரம்.
அட்டைகள் எங்களைக் கண்டுகொண்டன.
ஒருமுறை மாகீன் கையை உயர்த்தினார்:
நடுத்தண்ணீரில் ஒரு கழுத்து!
டீச்சர் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.
"கட்டை."
அதற்குப் பிறகும் பத்து நிமிடம்
முறைவைத்துப் பார்த்தோம்,
கட்டைதானா என்று.

"கோடு போட்டிராதே பிள்ளே,
நாம போகவே இல்லேன்னு நெனச்சிருவாங்க.
பூஜ்யம்னு போடு."
போட்டேன்.
குளிரில் பேனா மை இறங்கவில்லை.
அழுத்த அழுத்தத் தாளில் விழுந்தது
வட்டமாய் ஒரு பள்ளம்.

இறக்கத்தில் யாரும் பேசவில்லை.
குலசேகரத்தில் சாயா. தக்கலையில் நெரிசல்.
மாகீன் தன் கடை ஷட்டர் மூடியிருப்பதைத்
தானே எட்டிப் பார்த்துக்கொண்டார்.
நாகர்கோவில் தாண்டி டென்சிங்கை வீட்டில் விட
தேரூர்க் குளத்தங்கரையில் வேன் நின்றபோது
வெயில் சாய்ந்திருந்தது.

கூழைக்கடாக்கள் வழக்கம்போல்.
தாமரை இலைமேல் இலைக்கோழி, வழக்கம்போல்.
நாற்கரச் சாலையில் லாரிகளும்தான்.
பக்கத்தில், இன்னும் அறுக்காத கும்பப்பூ வயலின் வரப்பில்,
டென்சிங்தான் முதலில் பார்த்தான்,
சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை,
பிடரியில் இரண்டு கறுப்புக் கோடு,
பரீட்சைத் தாளில் அடித்துவிட்ட விடைபோல.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
"வரித்தலை வாத்து.
இது முட்டை பொரிஞ்ச ஏரி
நாலாயிரம் மீட்டருக்கு மேல கிடக்கும்.
நமக்கு அங்க மூச்சு முட்டும்.
இமயமலையைத் தாண்டி வருது."

வாத்து புல்லைப் பிடுங்கியது,
ஒரு காலைத் தூக்கி சேற்றை உதறியது.
லாரி ஒன்று காற்றுஹாரன் அடித்துப் போக
கூழைக்கடாக்கள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன.
அது கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

"அப்போ நாம விஞ்சு ஏறினது?"
என்றார் மாகீன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
பைனாகுலர் டென்சிங்கிடம் இருந்தது.
கேட்டும் தரவில்லை.
கூப்பிடு தூரத்தில் அவன் வீட்டு மாடியில்
அவன் அம்மா டார்ச் அடித்து அடித்து அணைத்தாள்.

புதுத் தாளைத் திருப்பி
தேரூர் என்று எழுதினேன், தேதி எழுதினேன்.
எண்ணிக்கைக் கட்டத்தில்
மேல்தாளின் பூஜ்யம்
மையில்லாமல் பதிந்திருந்தது.
அதன் முன்னால் ஒன்று போடப் போனேன்.

"பள்ளத்தை விட்டுத் தள்ளி எழுது,"
என்றார் டீச்சர், வாத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல்,
"பத்துன்னு வாசிச்சிருவாங்க."