அடகுக் கவுண்டர், ஹட்டன்

நீலப் பெட்டியைத் திறந்து வைத்தார் லோகசீலன்.
டோஹாவில் ஏழு வருடம்,
அதில் ஒன்று முழுசாய் இந்தக் கடிகாரத்துக்கு.
"வாங்கும்போது ஆறு லட்சம் மிஸ்,
இப்ப பதினேழு."
போனில் விலையைக் காட்டினார்.
கண்ணாடிமேல் ஒட்டிவந்த மெல்லிய தாளை
இன்னும் உரிக்கவில்லை.
கீறல் விழுந்தால் விலை விழுமாம்.

ஸ்டேஷனில் பக்கத்து ரயில்
பின்னோக்கி நழுவும்போது
நாம் மேலே ஏறுகிறோம் என்றுதான் தோன்றும்.
நழுவியது ரூபாய் என்று
எப்படிச் சொல்ல?
என் சம்பளமும் அந்த ரயிலில்தான் இருக்கிறது.

"எங்க தராசுக்குத் தங்கம் மட்டும்தான் தெரியும் அண்ணே.
இது இரும்பு."
"ஸ்டீல், மிஸ்" என்றார், திருத்துவது போல.
கொழும்பில் ஒருவன்
பாதி விலை சொன்னானாம்,
அதையும் மாசக் கடைசியில் தருவானாம்.

கையில் கட்டாவிட்டால் நின்றுவிடும் ரகம்.
முட்கள் நாலு பத்தில் கிடந்தன.
பெட்டியை மூடிவிட்டுச்
சுவரில் எதையோ தேடினார்.
"மணி என்ன மிஸ்?
பொகவந்தலாவ பஸ் போயிருக்குமா?"

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார்.
மனைவியின் தோடு, சிவப்புக் கல் வைத்தது.
இன்னும் காதின் சூடு ஆறவில்லை.
கல்லைக் கழித்து
மூன்றரை கிராம் என்று எழுதினேன்.