முப்பத்தேழாவது வாளி

முப்பத்தாறு வாளி உப்பை
முகம் சுளிக்காமல் தூக்கிக் கொட்டிய கை
முப்பத்தேழில்
லாரி விளிம்புக்கு ஒரு சாண் கீழே
நின்று நடுங்கியது,
காய்ச்சல்காரன் தம்ளர் பிடித்ததுபோல.

பம்பு முனகியது.
முனகல்கூட இல்லை,
சட்டியில் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற சத்தம்.

திருப்பாலைக்குடி அளத்தில் மணி பதினொன்றரை.
கச்சான் காற்று உப்பைக் கிளப்பிப்
பல்லிடுக்கில் வைக்கிறது.
தூத்துக்குடி லாரிக்காரர் எசேக்கியா
வண்டிக்கடியில் சாக்கு விரித்துப் படுத்துவிட்டார்.
அளத்துக்காரி ராக்கு அக்கா
அம்பாரத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்க்கிறாள்.
இன்னும் இருபது வாளி கிடக்கிறது.
ஐந்தாம் தேதி தவணை கிடக்கிறது.

முதலில் எண்ணெய் பார்த்தேன்.
கோட்டுக்கு மேலேதான் நின்றது.
ஆனால் தேன் நிறத்தில் ஊற்றியது
ஆற்றிய டீ மாதிரி வெளுத்து நுரைத்திருந்தது.
பார்த்தேன், யோசிக்கவில்லை.
மூடியைத் திருகிவிட்டேன்.

கப்ளிங்கைக் கழற்றி
உப்புப் பொருக்கைச் சுரண்டி
டக்கென்று கேட்கும்படி மாட்டினேன்.
அதே நடுக்கம்.
சிலிண்டர் தண்டைத் துடைத்தேன், கீறலில்லை.
கையைத் தூக்கி முட்டுக் கொடுத்து
ஹோஸ் ஒவ்வொன்றின் அருகிலும்
அட்டைத்துண்டு காட்டினேன்.
விரலால் தடவக்கூடாது;
ஊசிமுனை ஓட்டையைத் தடவிப்பார்த்த
பெரியபட்டினத்து ஆள் ஒருவர்
மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து
இரண்டு விரல் குறைவாகத் திரும்பினார்.

அட்டை காய்ந்தே இருந்தது.
எங்கேயும் ஒழுகவில்லை.
ஒழுகியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சீனி உதுமானுக்குப் போன் அடித்தேன்.
கீழக்கரையில் மச்சினன் கல்யாணம்,
சகனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்,
பின்னால் ஆயிரம் வாய்.
"நீ பேசாத. போனைப் பம்புகிட்டக் கொண்டுபோ."
கொண்டுபோனேன்.
தூக்கு என்றார். இறக்கு என்றார்.
"நுரை இருக்கா?"
"இருக்கு."
எலும்பைக் கடிக்கும் சத்தம்.
"வழிவிட்டான், வெளிய போறதையே தேடிக்கிட்டிருக்க.
உள்ள வர்றதைத் தேடு.
அது காத்தைக் குடிக்குது."

டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ஹோஸ்,
அழுத்தமே இல்லாத சோம்பேறி,
அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
வெடிக்கிறவனைத்தானே சந்தேகப்படுவோம்.

வாளி தரையில், இஞ்சின் மெதுவில்.
போனை மட்கார்டில் வைத்தேன்.
விரல் நிறையக் கிரீஸை வழித்து
மேல் இணைப்பில் அப்பினேன்.
கூழாங்கல் ஆடிக்கொண்டே இருந்தது.
கீழ் இணைப்பில்
துரு பாதியும் உப்பு பாதியும் தின்ற கிளாம்பு.
அதன் விளிம்பில் அப்பியதும்
கிரீஸில் சின்னதாய் ஒரு குழி விழுந்தது,
உள்ளேயிருந்து யாரோ உறிஞ்சியதுபோல.
இன்னொரு விரல் அப்பினேன்.
சத்தம் நின்றது.

நின்ற பிறகுதான்
எசேக்கியாவின் குறட்டை கேட்டது.
"நின்னுருச்சு," என்றது மட்கார்டு.
அதே நேரம் கீழக்கரையில்
ஆயிரம் வாயும் ஒரே மூச்சில்
ஆமீன் என்றன.

இஞ்சினை அணைத்தேன்.
மாற்றுக் கிளாம்பு என்னிடமில்லை.
உப்புத்தண்ணி இறைக்கும் மோட்டார் ஹோஸிலிருந்து
ஒன்றைக் கழற்றி வந்தாள் ராக்கு அக்கா.
ஒரு நூல் பெரிது.
திருப்புளியை நெஞ்சில் வைத்து அழுத்தி
இனி முடியாது என்கிற வரைக்கும் திருகினேன்.

நுரை அடங்கவேண்டும்.
இதில் மட்டும் அவசரப்பட வழியில்லை.
"எத்தனை நாளாக் குடிச்சிருக்கும்?" என்றாள்.
தெரியாது என்றேன்.
தெரியும்.
போன வாரம் உப்பூரிலும் லேசாக நடுங்கியது.
ஈர உப்பு, கனம் என்று
உப்பைத்தான் திட்டினேன்.

அரைமணி கழித்து
வெறுங்கையை ஆறுமுறை தூக்கி இறக்கினேன்.
ஏழாவதில் உப்போடு.
லாரி விளிம்பைத் தாண்டி ஏறி
கவிழ்ந்தது.

பட்டை அமுங்க
அடியிலிருந்து எசேக்கியாவின் தலை வந்தது.
"முடிஞ்சிருச்சா தம்பி?"
"இனிமேத்தான் அண்ணே.
முதல்ல வெளிய வாங்க."