ஒன்பது மணி அணில்

தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடையில்
தீபாவளிக்கு எடுத்த துணிக்கு
தைப்பொங்கல் கழிந்து குலுக்கலில் விழுந்தது:
'அணில் அண்ணனோடு காலைச் சாப்பாடு.
இருவருக்கு. ஞாயிறு மட்டும்.
போட்டோவுக்குத் தனிக் கட்டணம்.'
ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தை
ஓசிப் பொங்கலுக்கு விக்கிறியாடி என்று சிரித்தாள்
பில் கவுண்டரில் என் பக்கத்து சீட்டு ஜெசிந்தா.

ஆரப்பாளையத்தில் ஏழேகால் பேருந்து.
வாடிப்பட்டி சாலையில் பூங்கா வாசலில் இறங்கினோம்.
ராட்டினங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.
தண்ணீர்ச் சறுக்கில் ஒருவர்
குழாய் பிடித்து எறும்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.
தூரத்தில் நாகமலை,
டிக்கெட் எடுக்காமல் படுத்திருந்தது.

ஏசி அறை. மஞ்சள் பலூன்கள்.
காகிதத் தட்டில் வாழையிலை அச்சடித்திருந்தார்கள்,
நரம்பு முதற்கொண்டு.
வெண்பொங்கல், மெதுவடை, தொட்டுக்கொள்ள மூன்று,
கேசரியில் குத்திய ஒரு சின்னக் குடை.
பக்கத்து மேசையில் பிறந்தநாள்காரன்
கிரீடத்தோடு அழுதுகொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்கு அணில் வந்தது.
ஆறடி. வால் தனியாக இரண்டடி.
அது நடக்க நடக்க வால் பின்னாலேயே
நாற்காலிகளிடம் மன்னிப்புக் கேட்டபடி வந்தது.
பேசாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.
கை கொடுக்கும். தலையாட்டும்.
இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றும்.
மேசைக்கு நான்கு நிமிடம்.

செவ்வந்தி கை கொடுக்கவில்லை.
"சாப்டியா?" என்றாள்.

அணில் தலையாட்டியது, மேலும் கீழும்.
"பொய்யி."
வயிற்றைத் தடவிக் காட்டியது.
"எங்கம்மாவும் இப்பிடித்தான் சொல்லும்.
நீ சாப்ட்டாத்தேன் நான் சாப்டுவேன்."

நான் என் பொங்கலைப் பார்த்துக்கொண்டேன்.
வாக்கிடாக்கிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒரு வடையை எடுத்து நீட்டியவள்
நீட்டிய கையை மடக்கவே இல்லை.
மூன்று நிமிடம் அப்படியே போயிற்று.

அப்புறம் அணில் செய்தது
அதற்குச் சொல்லிக்கொடுத்த எதிலும் இருந்திருக்காது.
வடையை வாங்கியது.
சுவரைப் பார்த்துத் திரும்பி
தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையுமளவு
தலையைத் தூக்கி
(எங்களுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது)
கடித்தது.

மிளகு மாட்டியிருக்க வேண்டும்.
உள்ளேயிருந்து ஓர் இருமல்.
அண்ணன் இருமல் இல்லை அது.
என் வயதுக்காரி ஒருத்தி
ஆபீசில், தலைப்பை வாயில் பொத்தி
அடக்குகிற இருமல்.

மீதி வடை திரும்பி வந்தது.
ஓரத்தில் பல் பதிந்த பிறை.

என் கை எழுந்தது.
எழுந்ததை நானே பார்த்தேன்.
எச்சில் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது;
எந்த வீட்டிலும் டம்ளரை அண்ணாந்தே குடிக்க
எனக்குப் பழக்கிய ஏழெட்டு வருஷமும்
அதன் பின்னால் வரிசையில் நின்றன.
அதற்குள் அவள்
பிறையின் மேலேயே வாய் வைத்துக் கடித்துவிட்டாள்.
சட்னிகூடத் தொடவில்லை.

எழுந்த கையை என்ன செய்ய?
கேசரியிலிருந்து குடையைப் பிடுங்கி
மடக்கி வைத்தேன்.

அடுத்த மேசைக்குத் திரும்பியபோது
முதுகின் மூன்று கோடுகளில் ஒன்று
பசை விட்டுத் தொங்கியது.
"நில்லு" என்றாள்.
எண்ணெய்க் கையால், மூன்று விரலால்,
கழுத்திலிருந்து வால் வரை
ஒரே இழுப்பாக அழுத்தி விட்டாள்.
அணில் அசையாமல் நின்றது.
நான்கு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

போட்டோ நூற்றைம்பது. வேண்டாம் என்றேன்.

திரும்பும் பேருந்தில், சமயநல்லூர் தாண்டி,
"உள்ள ஒரு அக்கா இருந்தாங்கல்ல?"
"ம்."
"தெரியும். அதேன் வடை குடுத்தேன்.
அணிலுன்னா கொய்யாப்பழம்ல கேக்கும்."